திசைகாட்டி புதனில் வேலை செய்யும், வெள்ளியில் செய்யாது

கையடக்கமான ஒரு திசைகாட்டியை எடுத்துக்கொண்டு புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கு பாறைக் கோள்களுக்கும் போய்வருவதாக வைத்துக்கொள்வோம். பூமியில் அது வடக்கைக் காட்டும். புதனிலும் காட்டும்; ஆனால் அங்கே காந்தப்புலம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குதான் என்பதால் ஊசி தயங்கித் தயங்கித் திரும்பும். செவ்வாயில் ஒரு சமவெளியில் ஒரு திசையும், சில நூறு கிலோமீட்டர் தள்ளி வேறு திசையுமாகச் சுட்டும். வெள்ளியில் அதற்குப் பிடிமானமே இருக்காது. நான்கும் சூரியனைச் சுற்றியிருந்த ஒரே தூசுத்தட்டில் பிறந்தவை. நான்கின் நடுவிலும் இரும்பு இருக்கிறது. பின் ஏன் ஒன்றில் காந்தம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை? இப்படி ஒரு கேள்வியைக் கேட்கும் இடத்துக்கு வந்து சேரவே மனிதர்களுக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் ஆயின. வந்த வழியும் நேர்வழி அல்ல.

கதை சீனாவின் சோங் பேரரசில் தொடங்குகிறது. 1044இல் தொகுக்கப்பட்ட 'வூஜிங் சோங்யாவ்' என்ற போர்க்கலை நூல், இருட்டிலும் மூடுபனியிலும் படைகள் வழி தவறாமலிருக்க ஒரு கருவியைச் சொல்கிறது. மெல்லிய இரும்புத் தகட்டை மீன் வடிவில் வெட்டவேண்டும். செக்கச்சிவக்கப் பழுக்கக் காய்ச்சி, வால் வடக்கு நோக்கியிருக்குமாறு இடுக்கியில் பிடித்து, அப்படியே நீரில் தோய்த்துக் குளிர்விக்கவேண்டும். பிறகு ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மீன் தெற்கே தலை திருப்பும். காந்தக்கல் எதிலும் தேய்க்கத் தேவையில்லை. சிவந்த இரும்பு ஆறும்போது பூமியின் புலத்தைத் தனக்குள் பதிவு செய்துகொள்கிறது என்பதை அந்தக் கொல்லர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் செய்முறை சரியாக இருந்தது. இந்த மீனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்குப் போகும்போது தேவைப்படும்.

1088 வாக்கில் ஷென் குவோ என்ற ஓய்வுபெற்ற அதிகாரி, காந்தக்கல்லில் தேய்த்த ஊசியைப் பட்டு இழையில் தொங்கவிட்டுப் பார்த்து, அது நேர்த்தெற்கைக் காட்டாமல் சற்றே கிழக்காக விலகுகிறது என்று எழுதிவைத்தார். அடுத்த சில பத்தாண்டுகளில், வானம் மூடிய நாட்களில் ஊசியைப் பார்த்துக் கப்பலோட்டும் மாலுமிகளைப் பற்றிய குறிப்பு குவாங்சோ துறைமுகத்திலிருந்து வருகிறது. அரபு, பாரசீக வணிகர்கள் நிறைந்திருந்த துறைமுகம் அது. 1282இல் பைலக் அல் கிப்ஜாகி என்பவர் அரபியில் எழுதிய நூலில், இந்தியப் பெருங்கடல் மாலுமிகள் உள்ளீடற்ற இரும்பு மீனை நீரில் மிதக்கவிட்டுத் திசை பார்ப்பதாகச் சொல்கிறார். மீன் கடலுக்கு வந்துவிட்டது.

ஐரோப்பாவில் அதே காலத்தில் ஊசி எதைப் பார்க்கிறது என்ற கேள்வி எழுந்தது. துருவ நட்சத்திரத்தை என்றார்கள் சிலர். வடகடலில் ஒரு பெரிய காந்தமலை இருப்பதாக நம்பியவர்களும் உண்டு. 1269 ஆகஸ்டில் தென் இத்தாலியின் லூச்சேரா நகரை முற்றுகையிட்ட படையில் இருந்த பிரெஞ்சுக்காரர் பெத்ருஸ் பெரக்ரினுஸ், போர்முகாமிலிருந்து நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். காந்தக்கல்லை உருண்டையாகக் கடைந்து, அதன்மேல் ஊசியை வைத்து வைத்துக் கோடு கிழித்தால், கோடுகள் எல்லாம் எதிரெதிரான இரண்டு புள்ளிகளில் கூடுகின்றன. அவற்றுக்குத் துருவங்கள் என்று பெயரிட்டார். அந்த ஆற்றல் வானத்தின் துருவங்களிலிருந்து வருகிறது என்பது அவர் எண்ணம். விடை கையிலிருந்த உருண்டையிலேயே இருந்தது. அவர் பார்வையோ வானத்தில் இருந்தது.

பார்வையைக் கீழே இறக்கியவர் லண்டனில் திசைகாட்டி செய்து விற்ற ராபர்ட் நார்மன். பல ஆண்டுகள் கடலில் இருந்த மாலுமி. ஊசியைத் துல்லியமாகச் சமன்செய்து வைப்பார். காந்தமேற்றியதும் வடமுனை கீழே சாயும். அந்தப் பக்கத்தை வெட்டிக் குறைத்து மீண்டும் சமன்செய்வது வழக்கம். ஒருமுறை அளவுக்குமேல் வெட்டி, மெனக்கெட்டுச் செய்த ஊசி பாழானது. அந்தக் கோபத்தில்தான், இந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவதென உட்கார்ந்தார். செங்குத்தாகச் சுழலும் ஊசி ஒன்று செய்தார்; லண்டனில் அது ஏறத்தாழ 72 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்தது. 1581இல் புத்தகமாக வெளியிட்டார். ஊசி வானத்தைப் பார்க்கவில்லை, நிலத்துக்குள் பார்க்கிறது! இன்று அவர் திருநெல்வேலியில் கடை வைத்திருந்தால் இது நடந்திருக்காது. காந்த நடுக்கோடு அந்த வட்டாரத்தை ஒட்டியே செல்வதால் ஊசி அங்கே ஏறத்தாழக் கிடையாகவே இருக்கும். திருவனந்தபுரம் அருகே தும்பாவை ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கும் அதே கோடுதான் காரணம்.

எலிசபெத் அரசியின் மருத்துவரான வில்லியம் கில்பர்ட், பெரக்ரினுஸின் உருண்டையையும் நார்மனின் சாய்வையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். சிறு காந்த உருண்டைமேல் வைத்த ஊசி, கப்பல்களில் சாய்வது போலவே இடத்துக்கு இடம் சாய்ந்தது. அப்படியென்றால் பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600இல் அறிவித்தார். கருவிகள் பிறருடையவை, முடிவு அவருடையது. ஒரு கோள் முழுவதற்கும் ஒரு இயற்பியல் பண்பு உண்டு என்று சோதனை வழியாகச் சொன்ன முதல் நூல்களில் ஒன்று அது. ஆனால் நிலையான கல்காந்தம் போன்ற பூமியைத்தான் அவர் மனதில் கண்டார்.

அந்த நிலைத்தன்மை 35 ஆண்டுகூடத் தாங்கவில்லை. லண்டனில் ஊசி 1580இல் வடக்கிலிருந்து 11 பாகை கிழக்கே விலகியிருந்தது. 1634இல் ஹென்றி கெல்லிப்ராண்ட் அளந்தபோது 4 பாகைதான். கல் மாறாது, பூமியின் காந்தம் மாறிக்கொண்டிருந்தது. இதற்கு எட்மண்ட் ஹாலி 1692இல் ஒரு துணிச்சலான விளக்கம் தந்தார்: பூமிக்குள் இன்னொரு உருண்டை, இரண்டுக்கும் நடுவே இடைவெளி, இரண்டும் சற்று வேறு வேகத்தில் சுழல்கின்றன. உள்ளே உயிர்கள் வாழலாம் என்றும் எழுதினார். அந்தப் பகுதியைப் படித்துச் சிரிப்பவர்கள் மறந்துவிடுவது, மேலோட்டுக்குக் கீழே ஏதோ தனியாக நகர்கிறது என்ற உள்ளுணர்வு சரியாக இருந்தது என்பதை. 'பாரமூர்' என்ற சிறு கப்பலில் அட்லாண்டிக்கைச் சுற்றி அளந்து, ஊசி ஒரே அளவு விலகும் இடங்களைக் கோடுகளால் இணைத்து 1701இல் வரைபடம் வெளியிட்டார். ஒரே வெப்பநிலையுள்ள இடங்களைக் கோட்டால் இணைக்கும் முறையை 1817இல் ஹம்போல்ட் கொண்டுவந்தது இதைப் பார்த்துத்தான். தொலைக்காட்சி வானிலை அறிக்கையில் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் கப்பல் ஊசியின் வழித்தோன்றல்கள்.

கார்ல் ஃபிரெடரிக் காஸ் 1839இல் உலக அளவீடுகளைக் கணிதத்தில் போட்டுப் பிழிந்து, காந்தத்தின் மூலம் ஏறத்தாழ முழுவதும் பூமிக்குள்ளேதான் என்று காட்டினார். அவருக்கும் அவரைப் பின்பற்றியவர்களுக்கும் தொடர்ந்த அளவீடுகள் வேண்டியிருந்தன. பிரிட்டனும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சென்னை, சிம்லா, சிங்கப்பூர், பம்பாயின் கொலாபா எனக் காந்த ஆய்வகங்கள் அமைத்தன. கொலாபா மட்டும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது. பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் ஊசியைக் குழப்பும் என்பதால் ஆய்வகம் அலிபாகுக்குக் குடிபெயர்ந்தது.

உள்ளேதான் என்றால், உள்ளே என்ன? பூமியின் சராசரி அடர்த்தி மேற்பரப்புப் பாறையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்று 1798இலேயே கேவண்டிஷ் அளந்திருந்தார். நடுவில் இரும்பு என்று ஊகிப்பது எளிது. இரும்பு இருந்தால் காந்தம் இருக்கும் என்பதும் எளிது. 1895இல் பியர் கியூரி அந்த எளிமையைக் கலைத்தார். 770 பாகை செல்சியஸைத் தாண்டினால் இரும்பு தன் நிலைக்காந்தத்தை இழந்துவிடும். பூமியின் நடுவோ பல ஆயிரம் பாகை. சீனக் கொல்லரின் மீன் சிவந்திருந்தபோது காந்தமற்றிருந்தது, ஆறியபோதுதான் காந்தமானது. ஆறாத இரும்பு எப்படிக் காந்தமாகும்?

விடை தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதற்கு முன்னுரை ஒரு தோல்வி. 1832 ஜனவரியில் மைக்கேல் ஃபாரடே லண்டன் வாட்டர்லூ பாலத்தின் கைப்பிடிச் சுவரையொட்டி நீளமான செம்புக் கம்பியைக் கட்டி, இரு முனைகளையும் தேம்ஸ் ஆற்றில் இறக்கினார். உப்பு கலந்த ஆற்றுநீர் மின்கடத்தி. அது பூமியின் காந்தப்புலத்தில் ஓடுகிறது. எனவே மின்னோட்டம் பிறக்கவேண்டும். தத்துவம் சரிதான். கருவிகளுக்கு அதைப் பிடிக்கும் நுட்பம் இல்லை. மூன்று நாளில் கைவிட்டார். ஓடும் கடத்தி, காந்தப்புலம், மின்னோட்டம் என்ற மூன்றையும் அவர் ஒரு பாலத்தின் அடியில் சேர்த்துவைத்திருந்தார். 1866, 67இல் வார்லி, சீமன்ஸ், வீட்ஸ்டன் ஆகிய மூவரும் ஏறக்குறைய ஒரே வேளையில் தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும் டைனமோவைக் கண்டனர். துளியளவு காந்தம் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும், அந்த மின்னோட்டம் காந்தத்தை வளர்க்கும், வளர்ந்த காந்தம் மேலும் மின்னோட்டம் தரும். சுழற்றிக்கொண்டே இருந்தால் போதும்.

1919இல் ஜோசப் லார்மர் இந்த இயந்திரத்தை வானத்துக்கு ஏற்றினார். சூரியப் புள்ளிகளில் வலுவான காந்தம் இருப்பதை ஜார்ஜ் ஹேல் 1908இல் கண்டிருந்தார். கம்பியும் சக்கரமும் இல்லாத சூரியனில், சுழலும் மின்கடத்திப் பாய்மமே டைனமோவாக இருக்கலாம் என்பது லார்மரின் யோசனை. அவர் எழுதியது சூரியனுக்காக. பூமிக்கும் பொருந்தக்கூடும் என்று போகிறபோக்கில் குறிப்பிட்டார். நிலநடுக்க அலைகளை வைத்து 1926இல் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் புவிக்கரு திரவம் என்று காட்டியதும், அதன் நடுவில் வேறொரு உட்கரு இருப்பதை 1936இல் டேனிஷ் அறிவியலாளர் இங்கே லேமன் கண்டதும் மேடையை அமைத்துக்கொடுத்தன. நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய வால்டர் எல்சாசரும், இங்கிலாந்தின் எட்வர்ட் புல்லார்டும் 1940களில் பூமிக்கான டைனமோக் கோட்பாட்டை வளர்த்தெடுத்தார்கள்.

அதற்குப் பெரிய போட்டியும் இருந்தது. சுழலும் எந்தப் பொருளும் சுழல்வதாலேயே காந்தமாகும் என்று பழைய எண்ணம் ஒன்றைப் பாட்ரிக் பிளாக்கெட் 1947இல் மீண்டும் எழுப்பினார். அது உண்மையாக இருந்திருந்தால் நம் கேள்விக்கு இடமே இல்லை. எல்லாக் கோளுக்கும் காந்தம் இருந்தாகவேண்டும். பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமிருந்து 15 கிலோவுக்குச் சற்று அதிகமான தங்கத்தை உருளையாகக் கடன் வாங்கி, மிக நுண்ணிய காந்தமானி ஒன்றைச் செய்து அளந்தார். எதுவும் இல்லை. 1952இல், எதிர்மறை முடிவு என்று தலைப்பிலேயே சொல்லி அதை வெளியிட்டார். நோபல் பரிசு பெற்ற ஒருவர் தன் கருத்து தவறு என்று அறுபது பக்கம் போல எழுதி நிரூபித்தது எனக்கு அறிவியலின் மிக அழகான நிகழ்ச்சிகளில் ஒன்றாகப் படுகிறது. தங்கம் வங்கிக்குத் திரும்பியது; காந்தமானி பாறைகளிடம் போனது. எரிமலைக் குழம்பு ஆறும்போது, அந்தச் சீன மீனைப் போலவே, அந்நாளைய புலத்தைப் பதிந்துகொள்கிறது. தக்காணத்து எரிமலைப் பாறைகளின் பதிவைப் படித்தவர்கள், இந்தியா ஒருகாலத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கிடந்தது என்று கண்டார்கள்.

ஆக, ஒரு கோள் காந்தமாக இருக்க மூன்று தேவை: மின்சாரம் கடத்தும் திரவம், அதை முறுக்கிவிடச் சுழற்சி, அதை ஓயாமல் ஓடவைக்க ஆற்றல். முதல் இரண்டையும் எல்லோரும் கவனித்தார்கள். மூன்றாவதில்தான் சூட்சுமம் இருந்தது.

விண்கலங்கள் கிளம்பின. 1962 டிசம்பரில் மாரினர் 2 வெள்ளியைக் கடந்தது, காந்தப்புலம் தென்படவில்லை. வெள்ளி தன்னைச் சுற்ற 243 நாள் எடுத்துக்கொள்கிறது. மெதுவாகச் சுற்றுவதால்தான் காந்தம் இல்லை என்ற விளக்கம் உடனே ஒட்டிக்கொண்டது. 1965இல் மாரினர் 4 செவ்வாயைக் கடந்தது; அங்கும் கோள் முழுவதற்குமான புலம் இல்லை. செவ்வாய் சிறியது, ஆறிப்போய்விட்டது என்றார்கள். அப்படியானால் செவ்வாயைவிடச் சிறியதும், சுற்ற 59 நாள் எடுப்பதுமான புதனில் நிச்சயம் இருக்காது. 1974 மார்ச்சில் மாரினர் 10 புதனை நெருங்கியபோது காந்தமானி துள்ளியது. மறு ஆண்டு 327 கிலோமீட்டர் உயரத்தில் மீண்டும் பறந்து உறுதிசெய்தார்கள். புதனுக்குச் சொந்தக் காந்தப்புலம் உண்டு.

இரண்டு விளக்கங்களும் ஒரே நாளில் விழுந்தன. 2007இல் ரேடார் மூலம் புதனின் சுழற்சியில் உள்ள நுண்ணிய தள்ளாட்டத்தை அளந்து, அதன் கருவின் வெளிப்பகுதி உருகிய நிலையில் இருப்பதைக் காட்டினார்கள். 2011 முதல் 2015 வரை சுற்றிவந்த மெசஞ்சர் கலம் அந்தக் கரு எவ்வளவு பெரியது என்று சொன்னது: கோளின் ஆரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் இரும்பு. காந்தத்தின் மையமும் கோளின் மையத்திலிருந்து 480 கிலோமீட்டர் வடக்கே தள்ளியிருந்தது. ஆறிக்கொண்டே வந்ததில் புதனின் ஆரம் சில கிலோமீட்டர் சுருங்கியிருக்கிறது. அதாவது புதன் இன்னும் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அதுதான் தடயம்.

செவ்வாயின் பழங்கதை ஒரு பழுதால் விரிவாகத் தெரியவந்தது. 1997இல் அங்கு போய்ச்சேர்ந்த மார்ஸ் குளோபல் சர்வேயர், வளிமண்டலத்தில் உராய்ந்து உராய்ந்து சுற்றுப்பாதையைச் சுருக்கவேண்டியிருந்தது. சூரியத் தகடு ஒன்று சரியாகப் பூட்டிக்கொள்ளாததால், அது ஒடிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அந்த வேலையை மிக மெதுவாக, 1999 வரை இழுத்துச் செய்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கலம் நூறு கிலோமீட்டர் சொச்சம் உயரத்துக்குத் தாழ்ந்தது. திட்டமிட்ட பாதையிலிருந்து அத்தனை அருகில் அளந்திருக்கவே முடியாது. மரியோ அக்கூனாவின் குழு தென்பகுதிப் பழம்பாறைகளில் பூமிப் பாறைகளைவிடப் பல மடங்கு வலிய காந்தத்தைக் கண்டது. ஆனால் ஹெல்லஸ் போன்ற மாபெரும் மோதல் பள்ளங்களில் அது இல்லை. மோதலில் உருகி மீண்டும் ஆறிய பாறை அது. சிவந்த மீனைத் தோய்த்தார்கள், அப்போது பதிவதற்குப் புலம் இல்லை. ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே செவ்வாயின் டைனமோ அணைந்துவிட்டது என்பதற்கு இதை முதன்மைச் சான்றாகக் கொண்டார்கள். இன்னும் சில பத்துக்கோடி ஆண்டுகள் தாக்குப்பிடித்தது என்று வாதிடுவோரும் உண்டு.

கரு உறைந்துபோனதால் அணைந்தது என்று பலரும் எண்ணியிருந்தோம். 2018 முதல் 2022 வரை இன்சைட் கலம் செவ்வாயின் நடுக்கங்களைக் கேட்டது. கருவின் பெரும்பகுதி உருகியே இருக்கிறது! உருகிய இரும்பு இருந்தும் காந்தம் இல்லை.

இங்கேதான் மூன்றாவது தேவை தலைதூக்குகிறது. உலைப்பானையில் நீர் புரள, அடி சூடாக இருந்தால் மட்டும் போதாது; மேலே வெப்பம் வெளியேறவேண்டும். அடியும் மேலும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் நீர் சூடாக இருக்கும், ஆனால் அசையாது. கோளின் கருவும் அப்படியே. அதைச் சூழ்ந்த கவசம் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருந்தால்தான் வெப்பச்சலனம் நடக்கும். செவ்வாயில் அந்த வேகம் சீக்கிரமே தளர்ந்துவிட்டது. அதன் கருவில் கந்தகம் உள்ளிட்ட இலேசான தனிமங்கள் மிகுதி; அவை உறைநிலையைத் தாழ்த்துவதால், இரும்பு உறையும்போது கிடைக்கும் கூடுதல் ஆற்றலும் எளிதில் கைகூடவில்லை.

பூமிக்கு வாய்த்தது வேறு ஏற்பாடு. குளிர்ந்த கடலடித் தட்டுகள் கவசத்துக்குள் அமிழ்ந்து, ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்திலுள்ள கருவின் விளிம்புவரை போய், அதன் வெப்பத்தை இழுக்கின்றன. நடுவில் உட்கரு உறைய உறைய, இலேசான தனிமங்கள் வெளிப்பட்டு மேலெழுந்து திரவத்தைக் கலக்குகின்றன. அந்தத் திரவ இரும்பு ஆண்டுக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் என நகர்கிறது. கெல்லிப்ராண்ட் லண்டனில் கண்ட மாற்றம் இந்த ஓட்டத்தின் தடம். ஓட்டம் நின்றால் புலம் சில பத்தாயிரம் ஆண்டுகளில் தேய்ந்துவிடும். ஆனால் தென்னாப்பிரிக்கப் பாறைகள் 340 கோடி ஆண்டுகளுக்கு முன்பே புலம் இருந்ததாகக் காட்டுகின்றன. 2012இல் வந்த கணக்கீடுகளின்படி, அழுத்தத்திலுள்ள இரும்பு முன்பு நினைத்ததைவிட நன்றாக வெப்பம் கடத்தும். அப்படியானால் உட்கரு நூறு கோடி ஆண்டுக்கும் இளையதாக இருக்கலாம். அது பிறக்குமுன் டைனமோவை ஓட்டியது எது என்று இன்று கடுமையான விவாதம் நடக்கிறது.

வெள்ளிக்கு வருவோம். அளவிலும் எடையிலும் பூமிக்கு மிக நெருங்கியது. மெதுவான சுழற்சியைக் குறை சொல்ல முடியாது. புதன் அந்த வாதத்தை முடித்துவைத்தது. வெள்ளியில் பூமியைப் போல நகர்ந்து அமிழும் தட்டுகள் இல்லை. கவசம் சூடாகவே கிடக்கிறது, கரு தன் வெப்பத்தை இறக்கிவைக்க இடமில்லை. என் மதிப்பீட்டில் இதுவே இன்றுள்ள மிக வலுவான விளக்கம். நிலாவைப் பிறப்பித்ததைப் போன்ற பெருமோதல் வெள்ளிக்கு நேராததால் அதன் கரு கலங்காமல் அடுக்கடுக்காகவே நின்றுவிட்டது என்றொரு கருத்தும் 2017இல் முன்வைக்கப்பட்டது. இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். காந்தப்புலம் இல்லாவிட்டால் காற்று பறந்துபோய்விடும் என்று நாம் அடிக்கடி படிக்கிறோம். வெள்ளிக்குப் புலம் இல்லை. அதன் காற்றழுத்தமோ நம்முடையதைப்போல் 90 மடங்குக்கும் மேல். காந்தத்துக்கும் காற்றுக்கும் உள்ள உறவு அவ்வளவு நேரடியானது அல்ல.

புதனை நோக்கி 2018இல் கிளம்பிய ஐரோப்பிய, ஜப்பானியக் கூட்டுக் கலமான பெபிகொலம்போ அங்குள்ள புலத்தை மேலும் நுட்பமாக அளக்கவிருக்கிறது. இந்தியாவின் வெள்ளிச் சுற்றுக்கலத் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால் கருவை அறிய நிலநடுக்கமானி ஒன்று தரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்கவேண்டும். வெள்ளியின் தரை 460 பாகைக்கும் மேல் கொதிக்கிறது. அங்கே இறங்கியவற்றில் மிக அதிக நேரம் உயிரோடிருந்தது 1982இல் தரையிறங்கிய சோவியத் கலமான வெனரா 13. அது தாங்கியது 127 நிமிடங்கள்.